நிழலும் வெள்ளியும்

பிலிமில் எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படம் ஒன்று கையில் கிடைத்தவுடன், அதில் இருப்பவர் யார், எடுத்த இடம் எது என்று அறிவதிலேயே நம் மனம் செல்கிறது. அறிந்ததும் படத்தைக் கீழே வைத்துவிடுகிறோம். வேறொரு விதமாகப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஆளையும் ஊரையும் சற்று மறந்துவிட்டு, படத்தில் மிக இருண்ட பகுதி எதுவென்று முதலில் தேடுங்கள். அந்த இருளுக்குள் துணியின் நெசவோ, கதவின் கீலோ, கல்லின் சொரசொரப்போ ஏதேனும் புலனாகிறதா என்று நிதானமாகப் பாருங்கள். அதன் பிறகே மிகப் பிரகாசமான பகுதிக்கு வாருங்கள். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. இருண்ட பகுதியின் கதி ஷட்டர் திறந்து மூடிய கணத்திலேயே முடிவாகிவிட்டது; பிரகாசமான பகுதியின் கதியோ பிற்பாடு, ரசாயனத் திரவத்தில், நிமிஷக் கணக்கில் முடிவானது. இரு வேறு வேளைகளில் செய்த இந்த இரு தீர்மானங்களையும் ஒரே படத்தில் பிரித்துக் காணத் தெரிந்தவரே பிலிம் படத்தின் ரசிகர் என்பது என் அபிப்பிராயம்.

பிலிம் என்பது, வெள்ளி உப்பின் மிக நுண்ணிய படிகங்களை ஜெலட்டினில் கலந்து, ஒளி ஊடுருவும் மெல்லிய நாடாவின்மேல் பூசியது. ஒளி போதிய அளவு பட்ட படிகத்தில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு மாறுதல் உண்டாகிறது. டெவலப்பர் என்னும் ரசாயனத் திரவம் அந்தப் படிகங்களைத் தேடிப் பிடித்துக் கறுத்த வெள்ளியாக்குகிறது. எஞ்சியவற்றை ஹைப்போ என்னும் மற்றொரு திரவம் கரைத்து அகற்றுகிறது. வெள்ளி உப்பை ஹைப்போ கரைக்கும் என்பதை விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1819-இலேயே கண்டறிந்திருந்தார்; புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட 1839-இல், எடுத்த படம் வெளிச்சத்தில் மேலும் கறுத்து அழியாதபடி நிலைநிறுத்தும் உபாயமாக அது கைகொடுத்தது. இனி நிழலின் விஷயத்தைக் கவனியுங்கள். அங்கிருந்து வந்த சொற்ப ஒளியால் மாறிய படிகங்கள் சிலவே. முதற்சில நிமிஷங்களில் அவை கறுத்துவிடும். அதற்குமேல் எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் அங்கே பெரிதாக எதுவும் சேர்வதில்லை. வெளிச்சமான பகுதியிலோ மாறிய படிகங்கள் ஏராளம். நேரம் நீள நீளக் கருமை ஏறிக்கொண்டே போகும். ஆகவே நிழலுக்கு வேண்டியதைக் கேமராவிலேயே கொடுத்துவிட வேண்டும். வெளிச்சத்தை டெவலப்பரில் அடக்கியாள வேண்டும்.

நம் நாட்டு வெயிலில் இது எத்தனை முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். கறுத்த மேனியுடைய பெரியவர் ஒருவர், வெளுத்த வேட்டியும் துண்டுமாக, உச்சி வெயிலில் களத்து மேட்டில் நிற்கிறார் என்று கொள்வோம். வேட்டியைப் பார்த்து ஒளியை அளந்தால் அதன் மடிப்பு ஒவ்வொன்றும் அழகாகப் பதியும்; முகமோ கண்ணும் புருவமும் பிரியாத கரிய திட்டாகிவிடும். முகத்தைப் பார்த்து அளந்து, வழக்கமான நேரம் முழுவதும் டெவலப் செய்தால், முகத்தின் சுருக்கங்களெல்லாம் துலங்கும். வேட்டி மடிப்பே இல்லாத வெள்ளைக் காகிதமாகிவிடும். விஷயமறிந்தவர் முகத்துக்கு ஒளியைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, டெவலப்பரில் நேரத்தை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைப்பார். முகமும் பிழைக்கும், வேட்டியும் பிழைக்கும். வெயிலில் எடுத்த பழைய படம் ஒன்றில் இவ்விரண்டும் ஒருங்கே உயிரோடு இருக்கக் கண்டால், எடுத்தவரை மனத்துக்குள் வணங்கத் தோன்றுகிறது. ஒரு சுருளில் உள்ள படங்கள் அனைத்தும் ஒரே திரவத்தில் ஒரே நேரம் கிடப்பவை ஆதலால், ஒரே விதமான வெளிச்சத்தில் சுருளை எடுத்து முடிப்பது நலம். 36 படங்கள் கொள்ளும் 35 மில்லிமீட்டர் பிலிமைவிட, சதுரமாக 12 படங்களே கொள்ளும் 120 ரோல் இவ்வகையில் பெரிய உபகாரம் செய்கிறது.

இவ்வளவையும் ஏட்டளவில் அறிவது வேறு. ஒரே ஒரு ரோலையேனும் தாமே எடுத்துத் தம் வீட்டிலேயே கழுவிப் பார்த்து அறிவது வேறு. எந்தக் கேமரா என்பது இரண்டாம்பட்சம். ஒரு காலத்தில் நம் வீடுகளில் புழங்கிய அக்ஃபா கிளிக் 3-இல் மனம் கவரும் படங்கள் எடுத்தவர்கள் உண்டு. ஆயினும் துவாரத்தையும் வேகத்தையும் நம் இஷ்டப்படி மாற்ற இடங்கொடுக்கும் பென்டாக்ஸ் கே1000 போன்றதோ, யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராவோதான் கற்பவருக்கு ஏற்றது. பழையதை வாங்கும்போது லென்ஸை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று மட்டும் அவசியம் பார்த்துவிடுங்கள். ஈரக்காற்று மிகுந்த நம் கடற்கரை ஊர்களில் லென்ஸுக்கு அதைவிடப் பெரிய சத்துரு இல்லை. ஒளியை அளக்கும் அளவுமானி இல்லையென்று தயங்க வேண்டாம். பளிச்சென்ற வெயிலில் துவாரத்தை 16-இல் வைத்து, பிலிமின் வேக எண்ணுக்கு அருகிலுள்ள ஷட்டர் வேகத்தை வைப்பது பழைய விதி: 100 பிலிமுக்கு 1/125 விநாடி, 400 பிலிமுக்கு 1/500. திண்ணை நிழலில் அமர்ந்திருப்பவருக்கு இதைவிட மூன்று படி கூடுதலாகத் திறக்க வேண்டும்.

கழுவுவதற்குத் தனி இருட்டறை வேண்டும் என்ற எண்ணத்தால் பலர் பின்வாங்குகிறார்கள். சினிமாவில் காட்டும் சிவப்பு விளக்கு பிரின்ட் போடும் காகிதத்துக்கு உரியது. இன்றைய கறுப்பு வெள்ளை பிலிம்களில் அநேகமாக எல்லாமே சிவப்பொளியையும் உணர்பவை. எனவே பிலிமை ரீலில் ஏற்றி, டெவலப் செய்யும் டாங்கில் இட்டு மூடும்வரை பரிபூரண இருள் வேண்டும். அதற்கு ஒளி புகாத கறுப்புப் பை ஒன்று போதும். மூடியபின் எல்லாம் சமையலறை வெளிச்சத்திலேயே நடக்கலாம். டெவலப்பரில் 1920-களில் கோடக் கம்பெனியில் உருவான டி-76 சூத்திரத்தையே சிபாரிசு செய்கிறேன். லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம் என்னும் அந்தச் சாதுவான கலவையின் குணத்தை, பின்னால் வந்தவை எவையும் எனக்கு மறக்கச் செய்யவில்லை.

நம்மவருக்குள்ள உண்மையான கஷ்டம் உஷ்ணம்தான். சூத்திரங்களெல்லாம் 20 டிகிரிக்கு எழுதப்பட்டவை. நம் குழாயில் வருவதோ 30 டிகிரித் தண்ணீர். உஷ்ணம் ஏற ஏற டெவலப்பரின் வேகம் கூடுகிறது: 20 டிகிரியில் ஏழரை நிமிஷம் வேண்டிய பிலிமுக்கு 24 டிகிரியில் ஐந்தரை நிமிஷமளவே தேவை. ஐந்து நிமிஷத்துக்குக் கீழே இறங்கினால் திரவம் சீராகப் படியாமல் வானத்தில் திட்டுகள் விழும். ஆதலால் பெரிய பாத்திரத்தில் ஐஸ் கலந்த தண்ணீர் வைத்து, டெவலப்பர், ஹைப்போ, கழுவும் நீர் மூன்றையும் அதில் அமர்த்தி, ஒரே நிலைக்குக் கொண்டுவந்த பின்பே தொடங்குங்கள்; குளிர்ந்த திரவத்திலிருந்து வெந்நீருக்குத் திடீரென்று மாறினால் ஜெலட்டின் சுருங்கி வெடிப்புக் கோலமிடும். குளிர்ச்சி இத்தொழிலுக்கு எவ்வளவு வேண்டியது என்பதற்கு உதகமண்டலத்தையே சாட்சி சொல்லலாம். 1960-இல் நிறுவப்பட்டு, இந்து என்ற பெயரில் பிலிமும் காகிதமும் தயாரித்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் அந்த மலையில்தான் இயங்கியது. அது மூடப்பட்டது இக்கலைக்கு நேர்ந்த நஷ்டம் என்றே கருதுகிறேன்.

ஹைப்போவில் எவ்வளவு நேரம் என்பதற்குக் கடிகாரத்தைவிடப் பிலிமே நல்ல ஆசான்: முனையில் வெட்டிய ஒரு துண்டை அதில் போட்டு, பால்நிறம் போய்த் தெளிவாக எவ்வளவு நேரம் ஆகிறதென்று பார்த்து, அதைப்போல் இரு மடங்கு வையுங்கள். பயன்படுத்திய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கிறது. அதைக் கிணற்றடியிலோ குளத்திலோ ஊற்றுவது பாவம்.

ஈரம் காய்ந்த நெகடிவைப் படிக்கக் கற்பதே இந்த ரசனையில் எனக்கு மிகப் பிரியமான பகுதி. ஜன்னலுக்கு எதிரே, விளிம்பை மட்டும் தொட்டுப் பிடியுங்கள். இங்கே நிழல்தான் தெளிந்த பகுதி, வெளிச்சம்தான் கருமை. தெளிந்த பகுதிக்குள் மெல்லிய சாம்பல் கோடுகள் தெரிந்தால் நிழலுக்குப் போதிய ஒளி கிடைத்திருக்கிறது. வெறும் கண்ணாடிபோல் இருந்தால், அங்கே இருந்ததை எந்த வித்தையாலும் மீட்க இயலாது. பிறகு செய்தித்தாளின்மேல் நெகடிவைப் படுக்கவையுங்கள். மிகக் கறுத்த பகுதியின் வழியே அச்செழுத்து அரும்பாடுபட்டாவது தெரிய வேண்டும். தெரியாவிட்டால் டெவலப்பரில் அதிக நேரம் கிடந்திருக்கிறது. ஓரத்தில் கம்பெனி முன்கூட்டியே பதித்த எண்களையும் பாருங்கள்: எண்கள் நன்றாகக் கறுத்திருந்தும் படம் வெளிறியிருந்தால் குறை கேமராவில், எண்களும் சேர்ந்து வெளிறியிருந்தால் குறை டெவலப்பரில். கடைசியாக, நெகடிவின் மங்கலான பக்கம் தெரியும்படி கறுப்புத் துணியின்மேல் சாய்த்து, பக்கவாட்டு ஒளியில் பாருங்கள். வெள்ளித் துகள்கள் ஒளியைச் சிதறடிக்க, சில கோணங்களில் படம் நேர்ப்படமாக மாறித் தோன்றும். அந்தக் காட்சியை அனுபவித்தவர், தம் கையில் இருப்பது வெள்ளியால் ஆன ஒரு பொருள் என்பதைப் பின்னர் மறப்பதில்லை.

பிரின்டுக்கு வரும்போது ரசனை இன்னும் விரிகிறது. 1941-இல் நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் சந்திரோதயத்தைப் படம் பிடித்த ஆன்சல் ஆடம்ஸ், அளவுமானி அகப்படாமல், சந்திரனின் பிரகாசம் இவ்வளவு என்று தாம் அறிந்திருந்த கணக்கைக்கொண்டே ஒளியைத் தீர்மானித்தார். முன்புறம் மெலிவாகவே பதிந்தது. 1948-இல் நெகடிவின் கீழ்ப்பகுதியை ரசாயனத்தால் வலுப்படுத்தினார். முற்காலப் பிரின்டுகளில் வானத்தில் மேகக்கீற்றுகள் தெரிகின்றன. பிற்காலத்தவற்றில் வானம் ஏறக்குறைய முழுக் கருமை. பியானோ பயின்ற அவர், நெகடிவை ஸ்வரக்குறிப்பாகவும் பிரின்டை அதன் வாசிப்பாகவும் கண்டதில் வியப்பில்லை.

நெகடிவைப் பிற்பாடு கைப்பட மெருகேற்றியதற்கு நம் மண்ணிலேயே இதைவிடப் பழைய சான்று இருக்கிறது. 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் படம் பிடித்த காப்டன் லினேயஸ் டிரைப் பெரும்பாலும் காகித நெகடிவையே கையாண்டார். அக்காலத்து ரசாயனம் நீல நிறத்தை அளவுக்கு மீறி உணர்ந்ததால் வானம் வெறும் வெண்மையாகிவிடும். அவரோ நெகடிவின்மேல் கையால் வண்ணமிட்டு மேகங்களை வரவழைத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒட்டினார். அவர் படங்களைக் காணும் சந்தர்ப்பம் வாய்த்தால் மேகத்தைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடாமல், மண்டபத் தூண்களுக்கு இடையிலுள்ள நிழலில் நெடுநேரம் கண்ணைச் செலுத்துங்கள்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணிலோ டிரங்குப் பெட்டியிலோ ஸ்டுடியோவின் பெயர் அச்சிட்ட பழைய உறைகள் இருக்கக்கூடும். பிரின்டை எடுத்துக்கொண்டு நெகடிவைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வினிகர் நெடி வீசுகின்ற சுருள் சிதையத் தொடங்கிவிட்டது என்று அறிந்து, அதை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துத் தாமதமின்றிப் பிரதி எடுத்துவிடுங்கள். மற்றவற்றைக் காகித உறைகளில் இட்டு, வீட்டிலேயே ஈரமும் வெக்கையும் மிகக் குறைந்த அலமாரியில் வையுங்கள்.