குருகும் அயன்மையும்

சங்கப் பாடல்களில் வரும் புள்ளையும் விலங்கையும் கருப்பொருள் எனச் சுட்டி, உரிப்பொருளுக்குப் பின்புலமாக்கி அமைதல் உரை மரபு. குருகைப் பொறுத்தவரை அது முற்றும் பொருந்துமா என ஈண்டு ஆராய்வாம்.

கபிலரின் குறுந்தொகை 25ஆம் பாட்டில், தலைவன் தலைவியைக் கூடிய ஞான்று உடனிருந்தது குருகு ஒன்றே. அதுவும் ஆரல் மீனையே நோக்கி நின்றது. வெள்ளிவீதியாரின் நற்றிணை 70ஆம் பாட்டில், தலைவியின் ஊர்த்துறையில் கெளிற்று மீனை உண்ட குருகு, தலைவன் ஊர்க்குச் சென்றும் அவள் துயரை உரைத்திலது. முன்னதில் சான்று கூறலும், பின்னதில் செய்தி உரைத்தலும் அதனிடம் எதிர்பார்க்கப்படுகின்றன. இவை அயலார்க்குரிய கடமைகள் அல்லவா?

இவ்வெதிர்பார்ப்பின் அடிப்படை நீர்நிலையே. உத்தரமேரூரில் கி.பி. 921இல் பொறிக்கப்பெற்ற பராந்தகன் கல்வெட்டு, ஏரி வாரியத்துக்கு அறுவரைக் குடவோலையால் தேரும் முறையைக் கூறும். ஊர் கூடிக் காத்த அத்தகைய ஏரியில் பறவையும் பங்குகொள்ளும். அப்பகுதிக்கு அணித்தான வேடந்தாங்கலில், பறவையின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாதல் கண்ட ஊரார் பறவைகளைப் பேணினர். 1798இல் ஆட்சியர் லயனல் பிளேசு அக்காவலுக்கு இசைவளித்தார். பறவைக்கு மீன், உழவர்க்கு உரம் எனக் கொள்ளலும் கொடுத்தலும் ஆண்டு ஒத்து நிகழ்கின்றன.

நற்றிணைத் தலைவியின் குறை இவ்வொப்புரவு பிழைத்தமை பற்றியதாம். எம் துறையில் உண்டும் எமக்கு உதவிற்றிலையே என்பதே அவள் வழக்கு. குருகைப் பின்புலம் என ஒதுக்கின், அவ்வழக்கு வெறும் புலம்பலாய்ச் சுருங்கிவிடும். அதனை அயலாகக் கொள்வதே பாட்டின் பொருட்கு இயைபுடைத்து.