அமெரிக்கக் கொங்கிரசின் ஆய்வறிக்கைகள்: ஒரு மதிப்பீடு

சட்டம் இயற்றுவோர் எல்லாத் துறைகளிலும் வல்லுநராதல் இயலாது. வரி, நீர்ப்பாசனம், படைக்கலம், மருத்துவம் எனப் பல்வேறு பொருள்கள் ஒரே வாரத்தில் அவர்முன் வருகின்றன. அறிந்து சொல்வோர் அருகில் இல்லாவிடின், அரசாங்கத் திணைக்களங்களின் கூற்றையோ, தன்னலங் கருதி வாயிலிற் காத்துநிற்கும் வணிகக் குழுக்களின் கூற்றையோ நம்பியே அவர்கள் கையுயர்த்த நேரிடும். இக்குறையை நீக்க எழுந்த முயற்சிகளுள், அமெரிக்கக் கொங்கிரசின் ஆய்வுச் சேவை தயாரிக்கும் அறிக்கைகள் தனியே ஆராயத்தக்கவை.

விஸ்கொன்சின் மாநிலத்தில் 1901இல் சாள்ஸ் மக்காதி சட்டமன்ற உறுப்பினர்க்கென நடத்தத் தொடங்கிய உசாத்துணை நூலகமே இதற்கு முன்மாதிரி. அம்மாநில ஆளுநராயிருந்து பின்னர் செனற் சபை புகுந்த றொபேட் லா பொலெற் முதலியோரின் முயற்சியால், 1914இல் கொங்கிரஸ் நூலகத்தில் இத்தகைய பிரிவொன்று நிறுவப்பட்டது. 1970ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இன்றைய பெயரையும் விரிந்த ஆய்வுப் பணியையும் அளித்தது.

இவ்வறிக்கைகளின் அமைப்பு எளிது. முதலிற் சுருக்கம், அடுத்து வரலாறும் நடைமுறைச் சட்டமும், பின்னர் எதிரெதிர் வாதங்கள், இறுதியில் கொங்கிரஸ் கைக்கொள்ளக்கூடிய வழிகள். இன்ன வழியே நன்றென அறிக்கை பரிந்துரைப்பதில்லை. அலங்காரமற்ற தெளிவான நடை இவற்றின் சிறப்பு. சிக்கலான பொருளொன்றைச் சில பக்கங்களுள் அடக்கிக் கூறும் திறம் மாணாக்கர் பயிலத்தக்கது.

ஆயினும், சிறப்பிலிருந்தே குறையும் பிறக்கின்றது. சிலர் இவ்வாறு கருதுவர், வேறு சிலர் அதனை மறுப்பர் என்று இருசாரார் கூற்றையும் அடுக்கி அமைவதே நடுவுநிலைமை எனும் மயக்கம் பல அறிக்கைகளில் உண்டு. துலாக்கோல் பாரத்தைக் காட்டுதற்குரியது. தட்டிரண்டையும் சமமாகக் கட்டிவைத்தால் அது கோணாது நிற்கும். எனினும் அதனால் எதனையும் நிறுக்க இயலாது.

சான்றுகள் ஒருபாற் சாயும்போது அதனை வெளிப்படக் கூறுவோர்க்கு நேர்வது யாது? 2012ஆம் ஆண்டு செப்டெம்பரில் பொருளியலாளர் தோமஸ் ஹங்கபோட் எழுதிய அறிக்கை இதற்கு விடை தருகின்றது. 1945க்குப் பிற்பட்ட வரி வீதங்களை ஆராய்ந்த அவர், உச்ச வரி வீதக் குறைப்புக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் தொடர்பு காணப்படவில்லை என்றும், வருமானம் மேன்மட்டத்தில் குவிவதோடு அக்குறைப்புத் தொடர்புடையதாகத் தோன்றுகின்றது என்றும் முடிவு கூறினார். அவ்வறிக்கையின்படி, மிகச் செல்வமுடைய ஆயிரத்திலொரு பங்குக் குடும்பங்களின் வருமானப் பங்கு 1945இல் 4.2 வீதம், 2007இல் 12.3 வீதம். செனற் சபையின் குடியரசுக் கட்சியினர் அதன் சொல்லாட்சியையும் ஆய்வுமுறையையும் குறைகூறவே, அம்மாத இறுதியில் அறிக்கை மீட்டுக்கொள்ளப்பட்டது. சில திருத்தங்களுடன் டிசெம்பரில் மீண்டும் வெளிவந்தபோது அடிப்படை முடிவு மாறவில்லை.

முறைபற்றிய ஐயம் எவ்வாய்வின்மேலும் எழலாம்; தொடர்பு காணப்படுவதாற் காரணம் நிறுவப்பட்டதாகாது. ஆனால் ஐயத்துக்குரியது மறுமொழியேயன்றி மறைப்பன்று. இடையில் நவெம்பர்த் தேர்தல் கடந்துசென்றமையை நோக்குவோர், தாமதம் எத்துணைக் கேடானது என்பதை உணர்வர்.

இந்நிலைக்கு மற்றொரு காரணம் அறிக்கைகள் பொதுமக்கள் கையில் நேரே சேராமை. அவற்றைப் பொதுவில் வெளியிடுதலை நிதியொதுக்கீட்டுச் சட்டங்கள் நெடுங்காலம் கட்டுப்படுத்தின. பொதுப்பணத்தில் எழுதப்பட்டவற்றைத் தனியார் விலைக்கு விற்ற விந்தையும் நிகழ்ந்தது. 2018இல் இயற்றப்பட்ட சட்டமே அவற்றைப் பொதுவில் வெளியிட வழிசெய்தது.

கேட்பவர் விருப்பறிந்து பேசுதல் எளிது. எவர்க்கும் வருத்தந் தராது பேசுதலும் எளிதே. சான்று காட்டும் முடிவைச் சான்றின் அளவுக்குக் கூறுதலே அரிது. இவ்வறிக்கைகளின் பெருமை அவ்வரிய செயலில் தங்கியுள்ளது.