மக்கள்நல அரசும் நாட்டின் எல்லையும்

கோஸ்டா எஸ்பிங் ஆண்டர்சன் என்னும் டேனிய சமூகவியலார் 1990-இல் வெளியிட்ட ‘மக்கள்நல முதலாளியத்தின் மூன்று உலகங்கள்’ என்ற நூலைச் சமூக அறவியல் பயில்வோர் இன்னும் கற்கின்றனர். 18 நாடுகளை ஆராய்ந்து, சந்தையை நம்பும் வகை, குடும்பத்தையும் தொழில் அந்தஸ்தையும் பேணும் வகை, அனைவருக்கும் உரிமையாக அளிக்கும் வகை என அவர் மூன்றாகப் பகுத்தார். மனிதன் தன் உழைப்பை விலைபேசாமலும் வாழ இயலுமா என்பதே அவருடைய அளவுகோல். இறையியலார் தாமே கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது.

ஆயினும் நூலில் ஒவ்வொரு நாடும் சுவர் சூழ்ந்த வீடுபோல் நிற்கிறது. (லுத்தரன் மரபு வடநாடுகளின் நல அமைப்பில் பெற்ற இடத்தை அவர் ஏறக்குறையப் பேசாது விட்டதும் குறையே, அதனை வேறொரு சமயம் ஆராயலாம்.) சுவீடன் 1995-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது, லாட்வியா 2004-இல். அவ்வாண்டிலேயே வாக்ஸ்ஹோம் நகரில் ஒரு பள்ளிக் கட்டட வேலைக்கு லாவல் என்னும் லாட்விய நிறுவனம் தன் நாட்டுத் தொழிலாளரை அனுப்பியது. சுவீடனில் சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலி இல்லை. கூட்டு ஒப்பந்தமே கூலியை நிர்ணயிக்கிறது. நிறுவனம் அதில் கையெழுத்திட மறுக்கவே, கட்டடத் தொழிலாளர் சங்கம் வேலையிடத்தை மறித்தது. கூட்டு நடவடிக்கை அடிப்படை உரிமையே என ஒப்புக்கொண்ட ஐரோப்பிய நீதிமன்றம், அம்மறியல் சேவை வழங்கும் சுதந்திரத்துக்கு முரணானது என்று 2007 டிசம்பர் 18-இல் தீர்ப்பளித்தது.

நலத்திட்டம் ஒன்றையும் எவரும் ரத்துச்செய்யவில்லை என்பதை மாணவர் கவனிக்க. வரியும் ஓய்வூதியமும் பாராளுமன்றத்தின் கையிலேயே இருந்தன. அவை ஊன்றி நின்ற கூலி ஒழுங்கே அசைந்தது. சந்தையைத் திறக்கும் விதி உடன்படிக்கையிலேயே உள்ளது. நீதிமன்றம் அதனை நேரே செயற்படுத்தும். தொழிலாளியைக் காக்கும் புதிய விதிக்கோ பல அரசுகள் இணங்கவேண்டும். பிரிட்ஸ் ஷார்ப் என்னும் ஜெர்மானிய அறிஞர் சுட்டிய இச்சமமின்மையை, நூலின் மூவகைப் பகுப்பு கொண்டு நாம் காண இயலாது.

அப்படியானால் நியாயம் முழுவதும் சங்கத்தார் பக்கமோ? அவ்வாறு சொல்ல நாம் துணியோம். மறியலால் வேலை நின்றது. வறிய நாட்டிலிருந்து வந்தவர் ஊர் திரும்பினர். உபாகமம் 24:14 கூலியாளைச் சகோதரன் என்றும் அந்நியன் என்றும் குறித்து, இருவரையும் ஒரே கட்டளைக்குள் வைக்கிறது. வழக்கிலோ நிறுவனத்தின் சுதந்திரமும் சங்கத்தின் உரிமையும் எதிரெதிரே நின்றன. சாந்து குழைத்தவன் கட்சிக்காரனாகவும் இல்லை.

2018-இல் திருத்தப்பட்ட ஒன்றியச் சட்டம், அயல்நாட்டுக்கு அனுப்பப்படும் தொழிலாளிக்கும் அவ்விடத்து ஊதிய விதிகளே பொருந்தும் என்றது. நெடுஞ்சாலைகளில் லாரி ஓட்டுவோருக்கு அது அப்போது எட்டவில்லை. அவர்களுக்கெனத் தனி விதி 2020-இல்தான் வந்தது.