கடன் என்ற சொல்

வறுமை ஏன் இருக்கிறது என்ற கேள்விக்குக் கிறிஸ்தவத்தின் பதிலாகப் பொதுவாகச் சொல்லப்படுவது இரண்டு. ஆதி பாவத்தின் விளைவுகளில் அதுவும் ஒன்று என்பது முதலாவது. தரித்திரர் எப்போதும் நம்மோடு இருப்பார்கள் என்று யேசுவே சொல்லிவிட்டார் என்பது மற்றது. இரண்டும் பிரசங்க மேடைக்கு வசதியானவை. இரண்டும் பிரதியை அரைகுறையாகப் படித்ததில் வந்தவை என்பது என் கட்சி.

யேசுவின் அந்த வாக்கு உபாகமத்தின் பதினைந்தாம் அதிகாரத்தை எதிரொலிப்பது. அந்த அதிகாரமோ வறுமையைவிடக் கடனைப் பற்றியது. ஏழு வருஷத்துக்கு ஒரு முறை கடன்களை விட்டுவிட வேண்டும். அப்படிச் செய்தால் உங்களுக்குள் எளியவனே இருக்கமாட்டான். எளியவர்கள் இல்லாமல் போவதில்லை, ஆகவே கையைத் திற. இந்த 'ஆகவே'யை வெட்டிவிட்டால் கட்டளை தலைவிதியாகிவிடுகிறது. வெட்டித்தான் பிரசங்கம் செய்கிறார்கள்.

நெகேமியாவின் ஐந்தாம் அதிகாரம் இன்னும் ஸ்தூலமானது. பஞ்சத்தில் தானியத்துக்காக வயலையும் வீட்டையும் அடகு வைத்தவர்கள், பிள்ளைகளை அடிமையாக்கியவர்கள் கூக்குரலிடுகிறார்கள். நெகேமியா அவர்களுடைய பாவத்தை விசாரிக்கவில்லை. கடன் கொடுத்தவர்களைக் கூட்டி, வயலையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறான். வள்ளுவருக்கு இதே இடத்தில் கோபம் மேலே திரும்புகிறது. பிச்சை எடுத்துத்தான் உயிர்வாழ வேண்டுமென்றால் உலகை இயற்றியவன் அலைந்து கெடட்டும் என்கிறார். நெகேமியாவின் கோபம் பக்கத்து வீட்டுக்குத் திரும்புகிறது. வறுமை ஏன் என்பதற்கு பைபிளில் எனக்குக் கிடைக்கும் நேரான பதில் இதுதான்: ஒருவனுடைய வயல் இன்னொருவன் கணக்குப் புத்தகத்தில் இருப்பதால்.

இந்தப் பதில் தமிழில் எப்படி மங்கியது என்பது மொழிபெயர்ப்பு சம்பந்தப்பட்ட பிரச்னை. கர்த்தரின் ஜெபத்தில் மன்னிக்கக் கேட்கப்படுவது, மத்தேயுவின் கிரேக்க மூலத்தின்படி, கடன். பழைய புராட்டஸ்டண்ட் பைபிளில் அந்த இடத்தில் கடன், கடனாளி என்ற சொற்களே இருக்கின்றன. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் அவை குற்றம் ஆகிவிட்டன. பிழை என்று தள்ள முடியாது. யேசு பேசிய அரமேயிக்கில் ஒரே சொல் கடனையும் பாவத்தையும் குறிக்கும், லூக்காவும் முதல் பாதியில் பாவம் என்றே எழுதுகிறார். ஆனால் தமிழில் கடன் என்பது கடமையும்தானே? ஒரே சொல்லில் இரண்டு அர்த்தங்களையும் வைத்திருக்கும் மொழி, ஏன் அதைக் கைவிட வேண்டும்? குற்றம் ஜெபிப்பவன் மனசுக்குள் இருப்பது. கடன் இரண்டு பேருக்கு நடுவில் இருப்பது. பாவத்தை மன்னிப்பதில் யாருக்கும் கைநஷ்டம் இல்லை. கடனை மன்னித்தால் ஒருவனுக்கு நஷ்டம் உண்டு.

இந்த நகர்வு 1995இல் தொடங்கியதல்ல. பன்யனைத் தழுவி ஹெச். ஏ. கிருஷ்ணபிள்ளை எழுதி 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகத்தில் யாத்திரிகன் முதுகில் இருப்பது பாவச்சுமை மட்டும்தான். அதற்கும் வெகுகாலம் முன்பு, 325இல் கூடிய நிக்கேயா சங்கம் விசுவாசப் பிரமாணம் ஒன்றை வகுத்தது. குருக்கள் வட்டி வாங்கக் கூடாது என்று பதினேழாவது விதியையும் அதுவே எழுதியது. பிரமாணம் இன்றும் வழிபாட்டில் சொல்லப்படுகிறது. பதினேழாவது விதி யாருக்கும் மனப்பாடம் இல்லை.

இதெல்லாம் பழைய ஏற்பாட்டுக் காலத்துச் சங்கதி என்பவர் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே பார்த்தால் போதும். கல்வராயன் மலை சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் 1976 வரை இருந்தது. சுதந்திரம் மலையேற இருபத்தொன்பது வருஷம் ஆயிற்று. அதே 1976இல்தான் கொத்தடிமை ஒழிப்புச் சட்டமும் நிறைவேறியது. கொத்தடிமைக் கடன்கள் அழிந்தன என்று அந்தச் சட்டம் சொன்னது. லேவியராகமத்தின் ஐம்பதாம் வருஷத்தில் அடிமை வீடு திரும்புவான், நிலமும் பழைய குடும்பத்துக்குத் திரும்பும். சட்டம் முன்னதைச் செய்தது. பின்னது பாக்கி நின்றது. வன உரிமைச் சட்டம் வர 2006 ஆயிற்று. அதற்குப் பிறகும் உழுகிற மண்ணுக்குப் பட்டா இல்லாதவர்கள் மலையில் உண்டு.

வங்கியில் பயிர்க்கடன் கேட்பவனிடம் பட்டா, சிட்டா, அடங்கல் கேட்கிறோம். இல்லாதவன் கீழே இறங்கி, கூலிக்கு ஆள் பிடிப்பவனிடம் முன்பணம் வாங்குகிறான். அவன் பத்திரம் கேட்பதில்லை, உடம்பு போதும். கடனையெல்லாம் விட்டுவிட்டால் யார் கடன் கொடுப்பார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உபாகமமே அதை எதிர்பார்த்து, விடுதலை வருஷம் நெருங்குகிறது என்று கையை மூடுவதைப் பாவம் என்கிறது. கைகள் மூடத்தான் செய்தன. கடன் பத்திரத்தை நீதிமன்றத்தில் ஒப்படைத்து விடுதலை வருஷத்தைத் தாண்ட ஹில்லெல் ஒரு வழி கண்டார். யூபிலி சுலபம் என்று நான் சொல்லவில்லை. கேள்வி சரியான இடத்தில் கேட்கப்பட வேண்டும் என்கிறேன்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. குடியால்தான் வறுமை என்பது இத்தகைய சாவுகளுக்கு நம்மிடம் தயாராக இருக்கும் உரை. ஆனால் அந்த வருஷமே சென்னை உயர்நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. குடித்தவனின் குணத்திலிருந்து சாலைக்கும் பிழைப்புக்கும் கேள்வி நகர்ந்தது. அது நெகேமியாவின் திசை.

திருவிவிலியத்தின் அடுத்த திருத்தப் பதிப்பில் மத்தேயுவில் கடன் என்ற சொல்லைத் திரும்ப வைக்க வேண்டும். பிழைதிருத்தமாக அல்ல. தினமும் அந்த ஜெபத்தைச் சொல்பவனுக்குத் தன் பெட்டியில் இருக்கும் அடகுச் சீட்டு ஞாபகம் வருவதற்காக.