இப்னு ஜுபைர் கண்ட இரு நகரங்கள்

அந்தலூஸியப் பயணி இப்னு ஜுபைர் தமது ‘ரிஹ்லா’வில் பக்தாத் மக்களைச் செருக்குடையோர், வெளியூராரை இகழ்வோர் எனக் கடிகிறார், திமிஷ்க் வாசிகளை அந்நியரைப் பேணுவோர் எனப் போற்றுகிறார். இரண்டையும் அவர் கண்டது 1184இல். இதனை ஊராரின் இயல்பு பற்றிய தீர்ப்பாக ஏற்க நமக்குத் தயக்கமுண்டு. பக்தாதில் அவர் தங்கியது ஏறத்தாழ இரு வாரங்கள். திமிஷ்கிலோ இரண்டு மாதங்களுக்கு மேல். அன்றியும், திமிஷ்கின் உமவிய்யா ஜாமிஉப் பள்ளியில் மாலிகி மத்ஹபினரான மக்ரிபிகளுக்கென்றே சுல்தான் நூருத்தீன் மாவாலைகள், தோட்டங்கள், குளியலகம் முதலியவற்றை வக்ஃபு செய்திருந்ததை அவரே குறிக்கிறார். மேற்கிலிருந்து வந்தவருக்கு அங்கு உணவும் உறவும் காத்திருந்தன. பக்தாத் மதரஸாக்களின் வக்ஃபுகளையும் அவர் மெச்சவே செய்கிறார். ஆனால் அவை மாணவர்க்குரியவை, வழிப்போக்கருக்கல்ல. (அந்நகரிலும் இப்னுல் ஜவ்ஸீயின் உபதேச மஜ்லிஸில் அவர் உள்ளம் உருகிற்று, அதனாற்போலும், ஃபகீஹ்களையும் உபதேசிகளையும் தம் கண்டனத்தினின்று விலக்கிவிட்டார்.)