நீரின் பெயர்களும் நீருக்கு உரியோரும்: அனுபம் மிஸ்ராவின் இரு நூல்கள் மொழிபெயர்ப்பு நோக்கில்

முன்னுரை

நீரைப் பேணுதல் குறித்துப் பொதுமக்களுக்கு எடுத்துரைக்கும் எழுத்து இந்திய மொழிகள் அனைத்திலும் பெருகியுள்ளது. அரசு வெளியீடுகள், பள்ளிப் பாடங்கள், சுவரெழுத்துகள், வானொலி உரைகள் என அது பல வடிவங்களில் வழங்குகின்றது. அவற்றுள் கணிசமானவை ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதப்பட்டுப் பின்னர்ப் பிறமொழிகளுக்குப் பெயர்க்கப்படுகின்றன. அவற்றின் தமிழ் வடிவங்களில் 'பாதுகாப்பு' என்னும் ஒரு சொல் பல பொருள்களைத் தாங்கி நிற்கக் காணலாம். நீரை வீணாக்காது பேணுதலும் 'நீர்ப் பாதுகாப்பு' எனப்படுகின்றது. தட்டுப்பாடின்றி நீர் கிடைக்கும் உறுதியும் 'நீர்ப் பாதுகாப்பு' எனப்படுகின்றது. நோய் தராத நீர் 'பாதுகாப்பான நீர்' ஆகின்றது. இந்தியில் முதலாவது 'சம்ரக்ஷண்' என்றும் இரண்டாவது 'சுரக்ஷா' என்றும் பிரித்து வழங்கப்படுகின்றன. வேறுபட்ட கருத்துகள் ஒரு சொல்லில் கலக்கும்போது, படிப்பவர் தாம் செய்ய வேண்டுவது யாது, அரசு செய்ய வேண்டுவது யாது எனப் பிரித்தறிய இயலாது போகின்றது. 'நீர் பேணல்', 'நீர் உறுதிப்பாடு', 'தீங்கற்ற நீர்' எனப் பிரித்தாளுதல் தெளிவு தரும்.

இச்சிக்கலை ஆராய்தற்கு இந்தியில் அனுபம் மிஸ்ரா (1948–2016) எழுதிய இரு நூல்கள் பெரிதும் துணை செய்கின்றன. ஒன்று, 1993-இல் காந்தி சாந்தி பிரதிஷ்டான் வெளியிட்ட 'ஆஜ் பீ கரே ஹைன் தாலாப்'; மற்றொன்று, 1995-இல் வெளிவந்த 'ராஜஸ்தான் கீ ரஜத் பூந்தேன்'. முதல் நூலுக்கு ஆசிரியர் பதிப்புரிமை கோரவில்லை. எவரும் மறுபதிப்புச் செய்யவும் மொழிபெயர்க்கவும் தடையில்லாததால் அது பல இந்திய மொழிகளுக்குச் சென்றது.

தலைப்பே ஒரு தேர்வு

முதல் நூலின் தலைப்பிலுள்ள 'கரா' என்னும் சொல், கலப்பற்ற பொன்னையும் செல்லத்தக்க நாணயத்தையும் குறிப்பது. 'இன்றும் குளங்கள் தரமானவை' எனப் பெயர்த்தால் பொருள் வரும். உரைகல்லில் தேய்த்துப் பார்த்த உணர்வு வாராது. 'இன்றும் மாற்றுக் குறையாத குளங்கள்' என்பது மூலத்திற்கு நெருங்கியது. தமிழிலும் பொன்னை மதிப்பிடும் தொழிலிலிருந்தே அத்தொடர் பிறந்தது.

தொழிற்சொற்களும் கடமைகளும்

குளத்தின் உறுப்புகளை அவற்றை அமைத்தோரின் சொற்களாலேயே மிஸ்ரா விளக்குகின்றார். நீர் திரண்டு வரும் நிலம் 'ஆகௌர்', நீர் நிறையும் இடம் 'ஆகர்', கரை 'பால்', மிகுநீர் வெளியேறும் வழி 'நேஷ்டா', அளவுகோல் ஏந்திக் கட்டுமானத்தை நடத்துபவர் 'கஜ்தர்'. இவற்றை அப்படியே ஒலிபெயர்த்தால் 'பால்' தமிழில் உண்ணும் பாலாகிவிடும். 'நேஷ்டா'வுக்குக் 'கலிங்கு' என்னும் வழக்குச் சொல் உண்டு, ஒலிபெயர்ப்புத் தேவையில்லை.

'ஆகௌர்' என்பதே கடினமானது. பாடநூல்களில் வழங்கும் 'நீர்ப்பிடிப்புப் பகுதி' பொருளளவில் பிழையற்றது. ஆயினும் மூலச்சொல்லோடு ஒழுக்கமும் சேர்ந்து வருகின்றது. அந்நிலத்தில் காலணியுடன் நடத்தல், மலம் கழித்தல், குப்பை எறிதல் ஆகியவை விலக்கப்பட்டிருந்தன. குளத்தின் தூய்மை குளத்திற்கு வெளியே தொடங்குகின்றது என்னும் அறிவு அச்சொல்லில் அடங்கியுள்ளது. 'நீர்ப்பிடிப்புப் பகுதி' நிலப்படத்தில் ஓர் எல்லையைக் காட்டுகின்றது; அதில் எப்படி நடந்துகொள்வது என்பதைக் கூறுவதில்லை. 'நீர்வரத்து நிலம்' என்பது ஊர்வழக்கிற்கு அணித்தானது. அதனை ஆண்டு, விலக்குகளை முதலிடத்திலேயே விளக்கிவிடுதல் தகும். பாசனம் பெறும் நிலத்தைக் குறிக்கும் 'ஆயக்கட்டு' என்பதை இங்கு ஆளுதல் பொருளைத் தலைகீழாக்கும்.

மூவகை நீர்

இரண்டாம் நூலில் தார்ப் பாலை மக்களின் நீர்ப்பகுப்பு விளக்கப்படுகின்றது. மழையாக வந்து நிலத்தின் மேல் திரட்டப்படும் நீர் 'பாலர் பானி'. ஆழக் கிணற்றில் கிடைக்கும் நிலத்தடி நீர் 'பாதாள் பானி'. மழைநீர் மணலுள் இறங்கி, அடியிலுள்ள ஜிப்சப் படுகையால் தடுக்கப்பட்டு, கீழுள்ள உவர்நீரோடு கலவாமல் ஈரமாகத் தங்குவது 'ரேஜாணீ பானி'. ஒலிபெயர்ப்பில் 'பாலர்' சிறுவராகிவிடுவர். மொழிபெயர்ப்பில் முதலிரண்டும் எளியவை. மூன்றாவதற்கு 'ஊற்றுநீர்' என்பது உடனே தோன்றும். இராமநாதபுரக் கடற்கரை மணலில் தோண்டிப் பெறும் நல்ல தண்ணீர் அப்பெயரால் வழங்குவதும் அதற்குத் துணையாகும். எனினும் அங்கு நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கின்றது. இங்கு இடையே படுகையொன்று காக்கின்றது. 'படுகை ஊற்றுநீர்' எனின் வேறுபாடு விளங்கும்.

இந்நீரைத் தரும் 'குஈ' என்பது கிணற்றைக் குறிக்கும் 'குவாம்' என்பதன் பெண்பால் வடிவம். இந்தியில் பெண்பால் ஈறு சிறுமையையும் உணர்த்தும். 'சிறு கிணறு' என்னும் பெயர்ப்பு ஆழமும் குறைவென எண்ணச் செய்யும். வாய் மட்டுமே குறுகியது. ஆழம் கிணற்றிற்குக் குறைந்ததன்று. 'குறுவாய்க் கிணறு' பொருந்தும்.

இப்பகுப்பின் எல்லையையும் சுட்டுதல் வேண்டும். நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்னும் பிரிவு நாவால் அறியப்படுவது. ஆர்செனிக்கிற்குச் சுவையோ நிறமோ இல்லை. மேற்கு வங்காளத்தில் 1983-இல் கண்டறியப்பட்ட ஆர்செனிக் பாதிப்பு, உவர்ப்பற்ற குழாய்க்கிணற்று நீராலேயே நேர்ந்தது. இராஜஸ்தானத்தின் நிலத்தடி நீரிலும் மிகையான ஃபுளோரைடு உண்டு. ஆதலின் 'நன்னீர்' என்பதை உவர்ப்பின்மைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஆய்ந்தறிந்த நீருக்குத் 'தீங்கற்ற குடிநீர்' என்பதை ஆளுதல் உயிர்காக்கும் தெளிவாகும்.

'சமாஜ்' என்னும் சொல்

மிஸ்ராவின் உரைநடையில் குளம் வெட்டுவதும் காப்பதும் 'சமாஜ்'. அரசு கைப்பற்றும் முன் மக்கள் தாமே நீரைப் பேணினர் என்னும் அவர் வாதம் இச்சொல்லின் மீதே நிற்கின்றது. உழைத்த பல சாதியினரையும் பழங்குடியினரையும் அவர் மதிப்புடன் பதிவு செய்துள்ளார். ஆயினும் நீர் மறுக்கப்பட்டோர் வரலாறு அவர்தம் மையப்பொருளன்று. மராட்டியத்தின் மகாடு நகரிலுள்ள சவ்தார் குளத்தின் பெயருக்குச் 'சுவை மிக்கது' என்பது பொருள். தீண்டத்தகாதோர் எனப்பட்டோரும் பொதுக்குளங்களைப் பயன்படுத்தலாம் எனப் பம்பாய்ச் சட்டமன்றம் 1923-இல் தீர்மானித்த பின்னரும் அச்சுவை அவர்களுக்குக் கிட்டவில்லை. 1927 மார்ச்சு 20 அன்று அம்பேத்கர் தலைமையில் அவர்கள் அந்நீரைப் பருகினர். எதிர்த்து வழக்காடியோரின் மேல்முறையீட்டை உயர்நீதிமன்றம் 1937-இல்தான் தள்ளியது.

தமிழில் 'சமாஜ்' என்பதைச் 'சமூகம்' எனப் பெயர்த்தால் இடர் மிகுகின்றது. இன்றைய வழக்கில் அது சாதியையும் குறிக்கும். 'சமூகத்தின் குளம்' ஒரு சாதியின் குளமாகப் படிக்கப்படலாம். 'ஊர்' என்பதும் சேரியை விலக்கி வழங்கிய சொல். குறளிலேயே ஆளப்பட்ட 'ஊருணி' என்னும் அழகிய சொல்லும் இவ்வினாவிலிருந்து தப்புவதில்லை. 'ஊர் மக்கள் அனைவரும்' என்று விரித்தால் மூலம் கூறாததைக் கூறியதாகும்; வாளா விட்டால் மூலத்தின் மௌனம் தமிழில் விலக்காக மாறும். மொழிபெயர்ப்பாளர் 'மக்கள்' என்னும் பொதுச்சொல்லை உடலிலும், வரலாற்றை முன்னுரையிலும் வைத்தல் நேரிய வழி.

இவ்விடத்தில் அரசு மொழியின் சிறப்பொன்றையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். 2019 ஆகஸ்டு 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கத்தின் பெயர் தமிழில் ஒலிபெயர்ப்பாகவே வழங்குகின்றது. ஆயின் அதன் இலக்கு ஐயத்திற்கு இடமற்றது: ஊரக வீடு ஒவ்வொன்றிற்கும் குழாய், ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர். எவருக்கு, எவ்வளவு என்பது அங்கே சொல்லப்படுகின்றது.

முடிவுரை

மிஸ்ராவின் நூல்கள் இடத்தையும் கடமையையும் பெயரிடுவதில் வளமுடையவை. உரிமையுடையோரைப் பெயரிடுவதில் அவ்வளமில்லை. அரசு எழுத்தில் இந்நிலை மாறிக் கிடக்கின்றது. நீர் விழிப்புணர்வு நூல்களைத் தமிழாக்குவோர் கலிங்கு, நீர்வரத்து, ஊற்று முதலிய வழக்குச் சொற்களை வட்டாரந்தோறும் திரட்டுதலும், 'பாதுகாப்பு', 'சமூகம்' ஆகிய இரு சொற்களை ஆளும் இடந்தோறும் எப்பொருளில், எவரைக் குறித்து என ஆராய்தலும் உடனடித் தேவைகளாகும்.