அடியில் ஓடும் பாட்டு: இளையராஜாவின் பேஸ் கிட்டாரை ரசிப்பது எப்படி?

திருமழிசை சிட்கோ தொழிற்பேட்டையில் பிரஸ் மெஷின்கள் ஓய்ந்த ராத்திரியில், தெருமுனை டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் கேட்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் இரும்பு அதைப்போல இருமடங்கு, நொடிக்கு 100 முறை அதிர்கிறது. பேஸ் கிட்டாரின் நாலு கம்பிகளில் மெல்லியது ஜி. எங்கும் விரல் வைக்காமல் அதை மீட்டினால் நொடிக்கு 98 அதிர்வு. நம் மின்வாரியம் சுருதியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டு ராவெல்லாம் ஜி பிடித்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்று கம்பிகளும் அந்த முனகலுக்குக் கீழே: டி 73, ஏ 55, எல்லாவற்றுக்கும் தடித்த ஈ 41.

கரண்ட் போகும்போதுதான் அந்த முனகல் இவ்வளவு நேரம் காதில் விழுந்துகொண்டிருந்ததே தெரியும். பேஸும் அந்த ஜாதிதான். கச்சேரியில் பேஸ் வயர் கழன்றால், என்ன போயிற்று என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பந்தியில் சாப்பிடுகிறவர்கூட மேடைப் பக்கம் திரும்பிப் பார்ப்பார். மெல்லிசைக் குழுக்களில் இருபது வருஷம் பேஸ் வாசித்தவன் என்ற முறையில் இதை அடித்துச் சொல்வேன். அந்த இருபது வருஷத்தில் என்னைக் கவனித்து ஒருவர் கைதட்டியதாக நினைவில்லை. அது வேறு கதை.

போன பொங்கலுக்கு அக்கா மகன் புதுசாக ஒரு பேஸ் கிட்டாரை வாங்கிக்கொண்டு வந்தான். "மாமா, அந்த எய்ட்டீஸ் ராஜா சவுண்டு வேணும். எந்தப் பெடல் வாங்கணும்?" என்றான். ஒரு வாரம் கிட்டாரைத் தொடாதே, பாட்டை மட்டும் கேள் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. அந்த ஒரு வாரத்தில் அவனைச் செய்யச் சொன்னதுதான் இங்கே உங்களுக்கும்.

முதல் காரியம், போன் ஸ்பீக்கரை நிறுத்துவது. கட்டைவிரல் நகமளவு ஸ்பீக்கருக்கு 98 ஹெர்ட்ஸும் 41 ஹெர்ட்ஸும் எட்டாத ஆழம். அப்படியும் பேஸ் கேட்பதுபோல ஒரு பிரமை இருக்கும். மேலே ஒலிக்கிற கிளைச் சுரங்களை வைத்து, இல்லாத அடிச்சுரத்தை நம் மூளையே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. இரண்டாவது பகை இதற்கு நேர் எதிர்: பின் சீட்டுக்கு அடியில் ஆளுயரப் பெட்டி வைத்த ஷேர் ஆட்டோ. அங்கே எல்லாச் சுரமும் ஒரே 'தும்'மாகிவிடும். பூந்தமல்லி வந்து இறங்கும்போது நெஞ்சு அதிர்ந்திருக்கும், ஒரு சுரம்கூட மனசில் தங்கியிருக்காது. காதை நன்றாக அடைத்து உட்காரும் சாதாரண இயர்போன் போதும். அது லேசாக விலகியிருந்தாலே பேஸ் கசிந்து போய்விடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பேஸ் பூஸ்ட் பொத்தானை அணைத்துவிடுங்கள்.

இனி பாட்டுக்கு வருவோம். 'பருவமே புதிய பாடல் பாடு'வில் தொடங்குங்கள். 1980இல் வந்த மகேந்திரனின் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' படப் பாடல். ஓடிக்கொண்டிருக்கும் இருவரின் காலடிச் சத்தத்துக்காகத் தொடையில் தட்டிப் பதிவு செய்த தாளம் அது. அதற்காகத்தான் இதை முதலில் வைக்கிறேன். தபலாவும் டிரம்ஸும் அடைத்துக்கொள்ளாத அந்த வெளியில் பேஸ் தனியாக நடமாடுவது தெரியும். முதல் தடவை பாட்டைக் கேளுங்கள். இரண்டாவது தடவை பாடகர்களை விட்டுவிட்டு, அடியில் நகர்கிறதை மட்டும் வாய்க்குள் முணுமுணுத்துப் பாருங்கள். முடியவில்லையா? பாதகமில்லை, என் மருமகனுக்கும் மூன்று நாளாயிற்று. மூன்றாவது தடவை இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். மேலே ஒரு மெட்டும் கீழே ஒரு மெட்டும் ஒன்றையொன்று இடிக்காமல் போவது பிடிபடும்.

பெரும்பாலான பாட்டுகளில் பேஸின் வேலை, கார்டின் அடிச்சுரத்தைத் தாளத்தோடு ஊன்றிவிட்டுப் போவது. கூலி வேலை என்று நாங்கள் சொல்வோம். ராஜாவிடம் அது கூலி வேலை இல்லை. அவரே கிட்டார்காரர். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தன் கையால் நோட்ஸ் எழுதிக் கொடுப்பவர், பேஸுக்கும் சேர்த்து. 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்?' தொகுப்பில் மேற்கத்திய இசை மேதை பாக்கைத் தன் வீட்டில் சந்தித்ததாகவே ஒரு உருப்படிக்குப் பெயர் வைத்தார். பாக்கின் இசையில் அடிக்குரல் மேல்குரலுக்குச் சமமான ஆள். அந்தப் பாடத்தை டீக்கடை வானொலி வரை கொண்டுவந்து சேர்த்தது ராஜாவின் பேஸ். எழுதியவர் அவர். அவர் குழுவில் நெடுங்காலம் அதை வாசித்தவர் சசிதரன். நான் வாங்கிய கேசட் எதன் அட்டையிலும் அந்தப் பெயரைப் பார்த்ததில்லை.

இந்த விஷயத்தில் அமெரிக்காவும் யோக்கியமில்லை. டெட்ராய்டின் மோடவுன் கம்பெனிக்கு அறுபதுகள் முழுக்கப் பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அந்த ஊர் ஹிட் பாட்டுகளின் முதுகெலும்பே அவர் விரல்தான். மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தட்டு உறையில் அவர் பெயர் அச்சாக 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜேமர்சனை இங்கே இழுப்பதற்கு வேறு காரணமும் உண்டு. மருமகன் கேட்ட சவுண்டுக்கு வழி அவர் வாசலைத் தாண்டித்தான் போகிறது.

ஜேமர்சனிடம் இருந்தது 1962ஆம் வருஷத்து ஃபெண்டர் பிரசிஷன். அதில் தடித்த ஃபிளாட்வுண்ட் கம்பிகள், அறுந்தாலொழிய மாற்றமாட்டார். பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஃபோம். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றே ஒன்று. ஆம்ப் இல்லாமல் வயர் நேரே மிக்ஸருக்குப் போகும். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க்கில் வாங்கிய வயலின் வடிவ ஹோஃப்னரிலும் ஃபிளாட்வுண்ட்தான். சாதாரண பேஸில் கம்பி நீளம் 34 அங்குலம், ஹோஃப்னரில் 30. நீளம் குறைந்தால் கம்பி தொய்ந்து, சத்தம் உருண்டு வரும். மணி அடித்ததுபோல் கணீரென்று கேட்கும் பேஸ் வேண்டுமென்றால் 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விசிலைக் கேளுங்கள். அவர் ரவுண்ட்வுண்ட் ஆசாமி.

வித்தியாசம் எளிது. ரவுண்ட்வுண்டில் உருண்டையான கம்பியைச் சுற்றியிருப்பார்கள், தடவினால் அரம் மாதிரி இருக்கும். விரல் நகர்ந்தால் 'கீச்' என்னும். ஃபிளாட்வுண்டில் சுற்றியிருப்பது தட்டையான நாடா. வழவழவென்று இருக்கும், மேல்சுரங்கள் அமுங்கி, அடிச்சுரம் பழம்போல வரும். எண்பதுகளின் ராஜா பாட்டில் கேட்கும் பேஸ் இந்தப் பழச் சாதி. கடையில் வாங்குகிற பேஸில் அநேகமாக ரவுண்ட்வுண்ட்தான் மாட்டியிருக்கும். அதனால் பெடலுக்கு வைத்திருந்த காசைக் கம்பிக்குக் கொடுங்கள். அண்ணா சாலையில் 1842இலிருந்து இருக்கும் மியூசி மியூசிக்கல் மாதிரிக் கடையில் ஃபிளாட்வுண்ட் என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான். ஆனால் வருஷக்கணக்கில் உழைக்கும், பழசாக ஆகத்தான் ருசி.

ஃபோமுக்குக் கடைக்குப் போகவேண்டாம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் சொரசொரப்பான பச்சைப் பக்கத்தைக் கிழித்தெறிந்துவிட்டு, மஞ்சள் பக்கத்தை விரல் அகலத்துக்கு வெட்டி, பிரிட்ஜ் ஓரமாகக் கம்பிகளுக்கு அடியில் செருகுங்கள். கம்பியைத் தொடவேண்டும், தூக்கக் கூடாது. இறுக்கினால் மரப்பெட்டியைத் தட்டியதுபோல் சுரமே செத்துவிடும். டோன் நாபைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். நகம் படாமல் விரல் சதையால், பிக்கப்புக்கும் கழுத்துக்கும் நடுவே மீட்டுங்கள். பிரிட்ஜ் பக்கம் போகப்போக மூக்கால் பேசுவதுபோல் ஆகும்.

மேடையில் வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். கல்யாண மண்டபத்தில் ஈக்யூவின் அடிப்பகுதியை ஏற்றாதீர்கள். ஈ கம்பியின் ஒலியலை ஒன்றின் நீளம் 8 மீட்டருக்குமேல். மண்டபச் சுவர்களுக்கு நடுவே அது முட்டி மோதி, ஓரிடத்தில் இரட்டிப்பாகும், ஓரிடத்தில் காணாமல் போகும். மணமக்களின் சோபா இருக்கும் இடத்தில் இரட்டிப்பானால் ஒப்பந்தப் பணத்தில் கை வைப்பார்கள். அடியைக் குறைத்து நடுவைக் கொஞ்சம் ஏற்றினால் சுரம் சுரமாகக் கேட்கும்.

கம்பி மாற்றி, ஸ்பாஞ்ச் வைத்து, மருமகன் மறுபடி வந்தான். வாசித்தான். முக்கால்வாசி வந்திருந்தது. மிச்சம் கால்வாசி எங்கே?

அது சுரம் முடியும் இடத்தில் இருந்தது. அவன் ஒவ்வொரு சுரத்தையும் அடுத்தது வரும்வரை ஓடவிட்டான். ராஜாவின் பேஸில் சுரத்துக்கு நீளம் உண்டு. சிலது தட்டியதும் அறுந்துவிடும், சிலது அடுத்ததன் மடியில் போய்ச் சரியும். குறிலும் நெடிலும்தான். எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு இதற்கு வேறு பாடம் வேண்டியதில்லை. தை மகத்தில், திருமழிசை ஆழ்வார் திருநட்சத்திரத்தன்று, ஜகந்நாதப் பெருமாள் கோயிலில் கோஷ்டி திருச்சந்த விருத்தம் சேவிப்பதை நின்று கேட்டால் போதும். நூற்றிருபது பாட்டு. பொருள் புரியாத வயதிலேயே அதன் குறில் நெடில் அடி எனக்குத் தோளில் ஏறிவிட்டது. பெயரிலேயே சந்தத்தை வைத்துக்கொண்ட பிரபந்தம் அல்லவா? சொல்லை ஆழ்வார் மேலே நடத்துகிறார், சந்தம் கீழே தன்போக்கில் நடக்கிறது. மருமகனிடம், இடது கை விரலை ஃபிரெட்டிலிருந்து எடுக்காதே, அழுத்தத்தை மட்டும் விடு, சுரம் அங்கேயே நின்றுவிடும் என்றேன். எந்தச் சுரத்தில் விடுவது என்பதற்குப் பெடல் கிடையாது. பாட்டைத்தான் கேட்கவேண்டும்.

அதற்கு 'இளமை எனும் பூங்காற்று' நல்ல பள்ளிக்கூடம். 1979இல் வந்த 'பகலில் ஓர் இரவு' படத்துக்காக எஸ்.பி.பி. பாடியது. அவர் மூச்சு விடும் இடங்களில் பேஸ் என்ன செய்கிறது என்று மட்டும் கவனியுங்கள். அது தேறியதும் 'ரெட்டைவால் குருவி'யின் 'ராஜ ராஜ சோழன்', 1987. யேசுதாஸின் குரல் உங்களைப் பிடித்து இழுக்கும், விடாதீர்கள். இதற்குப் பிறகு ரஹ்மான் பாட்டுகளில் பேஸ் வாசித்த கீத் பீட்டர்ஸைத் தேடிப் போகலாம், அது வேறு உலகம்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடத்தில் உட்கார்ந்து மருமகன் அந்த 'இளமை'யை வாசித்துக்கொண்டிருந்தான். பாட்டு ஓடவில்லை, வெறும் பேஸ் மட்டும். இரண்டாம் சரணம் போகும்போது வாட்டர் கேன் பையன் வந்து மணி அடிக்க, கம்பியை அப்படியே அமுக்கிவிட்டு எழுந்தான். சமையல்கட்டிலிருந்து அக்கா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டா நிறுத்திட்ட? நான் பாடிட்டு இருக்கேன்ல?"